பள்ளி திறந்த அன்று தண்ணீர் விழுந்தது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலம் தள்ளியவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அந்த ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை எனக்கு வந்த கோபம் பிள்ளைகள் மேல் அல்ல, குற்றாலத்து மலை மேல்.

இலஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள். ஊருக்கு நான் பெரிய டீச்சர், என்னோடு இருப்பவள் சின்ன டீச்சர். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளாவது சேராவிட்டால் சின்ன டீச்சர் 'உபரி' ஆகிவிடுவாள். வேலை போகாது. ஆனால் எந்த மூலையில் இடம் காலியோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவள் வீடு அச்சன்புதூரில். படுக்கையோடு கிடக்கும் மாமியார், ஐந்து வயதில் ஒரு மகள். மாற்றல் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

அதனால் மே மாதம் முழுக்க இரண்டு பேரும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பேச்செல்லாம் என்னுடையது. இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனில் போகிற பிள்ளைகளைவிட நம் பிள்ளைகள் எதில் குறைச்சல் என்று நான் முழங்குவேன். அப்போது மட்டும் சின்ன டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காரணம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஐந்து வீட்டில் காப்பி கொடுத்து, "கண்டிப்பா வாறோம் டீச்சர்" என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி சின்ன டீச்சர் பளபளப்பான தாளில் ஐந்து கிரீடம் செய்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். வாசலில் தோரணம், பன்னீர், சந்தனம், ஒரு தூக்கு நிறையக் கேசரி. கல்யாண வீடு தோற்றுப்போகும். வட்டாரக் கல்வி அதிகாரி பதினொரு மணிக்கு வந்து சேர்க்கையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு இருக்கிற தலைதான் கணக்கு.

எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மேற்கே கறுத்துக் காற்று மாறியதை நான் கவனித்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து இந்தச் சாரலில் நனைகிறவள். எனக்கே தோன்றவில்லை பாருங்கள். திங்கள் காலை பால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, "தண்ணி விழுந்துட்டு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் அருவியில் சீசனின் முதல் தண்ணீர் விழுந்தால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் வேலை இல்லை. சென்னை, திருப்பூர் என்று போன சொந்தமெல்லாம் வண்டி பிடித்து வந்து இறங்கிவிடும். வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப் போகாவிட்டால் அது ஜென்மத்துக்கும் மறக்காத குறை.

ஒன்பதரை மணி. பழைய பிள்ளைகளில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். புதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஐந்து கிரீடமும் மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றாம் வகுப்புக்காரி ஒருத்திதான் தகவல் சொன்னாள்: "எல்லாரும் குட்டியானைல ஐந்தருவிக்குப் போயிட்டாவ டீச்சர். எங்க வீட்டுல யாரும் விருந்து வரல, அதான் நான் வந்தேன்." குட்டியானை என்றால் எங்கள் ஊரில் சின்ன சரக்கு லாரி. சின்ன டீச்சர் கேசரித் தூக்கை மூடினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஐந்தருவியில் ஈ நுழைய இடமில்லை. ஒரு பக்கம் பஜ்ஜி, ஒரு பக்கம் எண்ணெய் மசாஜ், நடுவில் குடையும் பதிவேடுமாக நான். பெண்கள் குளிக்கிற பக்கம் போய் நின்று, முப்பது வருஷமாகக் காலை வணக்கத்துக்குப் பழகிய குரலில் ஐந்து பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து மூன்று குரல் "உள்ளேன் டீச்சர்" என்றது. அக்காமார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

தலை சொட்டச் சொட்டத் தாய்மார்கள் வந்தார்கள். நாளைக்கு வருகிறோம், விருந்து வந்துவிட்டது என்று ஆளுக்கொரு சமாதானம். நாளைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நாலு பேர் மறுபேச்சுப் பேசாமல் பிள்ளைகளுக்குத் தலை துவட்டத் தொடங்கினார்கள். ஐந்தாவது ஒருத்தி, பீடி சுற்றுகிறவள், மகளை இடுப்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வாறேன் டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்படாது. சின்ன டீச்சருக்கும் இதே வயசுல ஒரு பிள்ள இருக்குல்லா, அவ எந்த ஸ்கூல்ல சேருதா?"

அருவிச் சத்தத்திலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சின்ன டீச்சர் மகளுக்குத் தென்காசியில் இங்கிலீஷ் மீடியத்தில் இடம் வாங்கியாகிவிட்டது. அடுத்த வாரம் திறப்பு. டை, ஷூ, தண்ணீர் பாட்டில் வரைக்கும் தயார். பதிவேட்டின் பிளாஸ்டிக் பையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். வெட்கமாக இருந்தது.

திரும்பினால் பின்னால் ஒருவர், இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். அவர் கண்ணாடி போடாததால் எனக்கு ஆள் தெரியச் சற்று நேரமாயிற்று. வட்டார அதிகாரி. மதுரையிலிருந்து மச்சான் குடும்பம் வந்துவிட்டதாம்.

"பதினோரு மணிக்கு அங்கனதான் வரணும்னு இருந்தேன் டீச்சர்" என்றார், துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"அதான் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு பள்ளிக்கூடத்தையே இங்கன கொண்டு வந்துட்டேன்" என்றேன்.

மச்சான் காரை எடுத்துக்கொண்டு பழைய குற்றாலத்து அருவிக்குப் போயிருந்தார். அதனால் அதிகாரியும் அதே குட்டியானையில், ஈரப் பாவாடைகளுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவே உட்கார்ந்து வந்தார். பீடி சுற்றுகிறவளும் மகளோடு ஏறிக்கொண்டாள். "சும்மா பாத்துட்டு வாறேன்" என்றாள்.

பள்ளி வாசலில் சின்ன டீச்சர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். பன்னீர் தெளித்தாள். ஏற்கெனவே நனைந்திருந்த கூட்டத்துக்கு அது உறைக்கவே இல்லை. நாலு தலையில் கிரீடம் ஏறியது. ஈரத் தலையில் தாள் நமத்துப்போய், ஒரு கிரீடம் மூக்கு வரைக்கும் இறங்கியது. ஐந்தாவது சிறுமி மட்டும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். அந்த அம்மா அருவியில் என்னைக் கேட்டதையே, ஒரு சொல் மாறாமல், சின்ன டீச்சரிடமும் கேட்டாள்.

சின்ன டீச்சர் கிரீடத்தைக் கையில் வைத்தபடி நின்றாள். முகம் செத்துப்போயிற்று. வகுப்புக்குள் போனாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த தாளில் ஆறாவதாக ஒரு கிரீடம் வெட்டி, என் மேசையில் வைத்து, அதில் தன் மகள் பெயரை எழுதினாள். பிறகு வீட்டுக்காரருக்கு போன் போட்டாள். "பிள்ளையக் கூட்டிட்டு இங்கன வாங்க. டை வேண்டாம்."

பீடி சுற்றுகிறவள் மகளின் முதுகில் லேசாகத் தட்டினாள். "போடி, டீச்சர் கையில தலையக் குடு."

நான் பதிவேட்டில் ஆறு பெயரையும் எழுதினேன். அதிகாரி பக்கத்தில் எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தாளில் எண்ணெய் வட்டமாகப் பதிந்தது, இன்றும் இருக்கிறது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "ஒங்க பையன் எங்க டீச்சர் படிச்சான்?" என்று கேட்டார்.

அவன் பன்னிரண்டு வருஷமும் தென்காசிக்கு வேனில் போய்ப் படித்தவன். "கேசரி ஆறிப்போகுது சார், சாப்பிடுங்க" என்றேன்.