கண் வேஷம்

மாமாவின் நாடகத்தில் எனக்குக் கிடைத்தது கண் வேஷம். கை, கால், முகம் எதற்கும் வேலை கிடையாது. நடிக்க வராத பையனுக்கு இவ்வளவு பொருத்தமான வேஷத்தை அம்மாவின் தம்பியால்தான் யோசிக்க முடியும்.

தியாகராய நகரில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா அது. வழக்கமாகப் பாட்டு, கோலாட்டம், பிரிஞ்சி என்று முடிந்துவிடும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாமா அந்த முறை, மக்களை இரவும் பகலும் வேவு பார்க்கும் ஒரு சர்வாதிகார நாட்டைக் கொண்டுவந்து இறக்கினார். அந்நாட்டின் அரசாங்கம் ஒரு பிரம்மாண்டமான அட்டைக் கண். அப்பாவின் துணிக்கடைப் பெட்டிகளை வெட்டி ஒட்டியது. கருவிழி இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால், முக்காலியின் மேல் நான். யாராவது தப்பு செய்தால் அந்தப் பக்கம் அட்டைக் கண்ணையே திருப்பி, "பார்த்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மொத்த வசனமும் அதுதான்.

ஒத்திகையன்று கண்ணைப் பார்த்த கீழ்வீட்டு மாமி, "இவ்ளோ பெரிய கண்ணுக்குள்ள கொழந்தைய நிறுத்தறேளே, திருஷ்டி பட்டுடாதோ" என்று அதன் இமையில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டிவிட்டார். சர்வாதிகாரத்துக்கே திருஷ்டி கழித்த நாடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அது ஆடி மாதம். தள்ளுபடிக் காலத்தில், அப்பாவின் கடை இருந்த ரங்கநாதன் தெருவில் கல்லாவை விட்டு எழுந்தவர் எவருமில்லை. ஆனாலும் அப்பா தன் திருநெல்வேலிப் பேச்சில், "எப்படியும் பாத்துருவேம்ல" என்று சொல்லியிருந்தார்.

நாடகம் தொடங்கியது. ஓட்டை வழியாக நான் தேடியது குற்றவாளிகளை அல்ல. வாசல், தூண், பிரிஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த பின்வழி என்று கண் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா இல்லை. முன்வரிசையில் அம்மா கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்காவது என்னை நேராகப் பார்க்கத் தோன்றவில்லையே என்று இருந்தது.

அதற்குள் மேடையில் புரட்சிக்காரர், அதாவது எதிர்வீட்டு அண்ணன், அரசாங்கத்தின் சுவரொட்டியைக் கிழித்துவிட்டார். கண் பார்த்தால்தான் கைது. இருமிக் காட்டினார். மீதியையும் கிழித்தார். கடைசியில், "டேய் கண்ணு, இன்னாடா அங்க பாத்துக்கினு கீற? நான் இங்க கீறேன்" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் பதறித் திரும்ப, எலுமிச்சை அறுந்து பறந்து அவர் நெற்றியில் விழுந்தது. கைது நடக்காமலே திரையை இழுத்தார்கள். அந்த நாட்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவன் நான்.

மாமா என்னோடு பேசாமல் பிரிஞ்சி சாப்பிட்டார். அம்மாவிடம் வீடியோவைக் காட்டச் சொன்னேன். "எடுக்கலைடா" என்று தன் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்துவிட்டு எடுக்கவில்லையாம்.

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்பிய அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "அண்டாப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னியே, அம்புட்டுப் பசியால ஒனக்கு?"

இப்போது அப்பா இல்லை. ரங்கநாதன் தெருவில் கடைக்குக் கடை கேமரா. எல்லாம் என்னைப் பார்க்கின்றன. நான் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும், பசியா என்று ஒன்றும் கேட்பதில்லை.

அப்பா அப்படிக் கேட்ட அன்றைக்கு எனக்குத் திக்கென்றது. வராத மனிதருக்கு இது எப்படித் தெரியும்? வீட்டுக்குள் உளவாளி இருக்கிறார் என்று முடிவுகட்டி, மாமாவை விசாரித்தேன். எதிர்வீட்டு அண்ணனை மிரட்டினேன். கீழ்வீட்டு மாமியைக்கூட விடவில்லை. அடுக்களையில் அம்மா, கைபேசி பிடித்த வலது கையின் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் எனக்குச் சந்தேகிக்கத் தெரியவில்லை.