நல்லரத்தினத்தின் சளிக்கஞ்சி

மண்முனைப் பாலத்தின் கிழக்குக் கரையில் காலை ஆறு மணிக்கு நல்லரத்தினத்தின் சைக்கிள் நிற்கும். பின் கரியரில் துணி சுற்றிய கஞ்சிப் பானை, ஹாண்டிலில் கோப்பைகள் போட்ட வாளி. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து மிதித்து வருவார். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான ஆள். வாய் மட்டும் ஒடிசல் இல்லை.

அவர் விற்றது இலைக்கஞ்சி. எங்களுக்கு அது சளிக்கஞ்சி. வயல் வரம்போரம் பறித்த தூதுவளையும் முசுட்டையும், இஞ்சி, மிளகு, உள்ளி, சிவப்புப் பச்சையரிசி, கடைசியில் தேங்காய்ப்பால். "மூணு நாள் குடியுங்க. நெஞ்சில கிடக்கிற சளியெல்லாம் கழண்டு வந்திரும். வராட்டி வந்து என்னை ஏசுங்க" என்பார். யாரும் ஏசியதாக நினைவில்லை. மாரியில் வாவிக் காற்றுப் பட்டு மூக்கடைத்துப் போகும் எனக்கு அது உண்மையாகவே இதமாக இருந்தது. கந்தோர் வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஐந்து வருடமாகக் குடித்தேன். அவர் அளந்த கதையில் பாதியைத்தான் நம்பினேன். கஞ்சியை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

போன மாரியில் அவரே இருமத் தொடங்கினார்.

சளிக்கஞ்சி விற்கிறவர் சளியோடு நின்றால் யார் வாங்குவார்கள்? அதனால் இருமல் வந்தால் சைக்கிள் சங்கிலியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார். அடக்க முடியாவிட்டால் பாலத்தடிக்கு இறங்கிப் போய் இருமிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். எல்லாருக்கும் தெரியும். வீட்டில் நொச்சியிலை ஆவி, கொத்தமல்லித் தண்ணி, ஆடாதோடைக் கசாயம் எல்லாம் நடந்தது. சளி கழன்றதே தவிர நிற்கவில்லை. சாரம் இடுப்பில் தங்க மறுத்தது. ஒரு நாள் சளியில் இரத்தம் கண்டதும் அவருடைய மனைவி மங்கையற்கரசி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

நெஞ்சு கிளினிக்கில் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, விடியற்காலைச் சளியைக் கொண்டுவரச் சொன்னார்களாம். போத்தலைப் பார்த்த தாதி, "இவ்வளவு லேசா வந்திச்சா ஐயா?" என்று கேட்க, "என்ட கஞ்சி, மிஸ்" என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். முடிவு வந்தது. காசநோய்.

ஆறு மாதத்துக்கு நாள் தவறாமல் விழுங்கக் குளிசை. கிருமி அடங்கும்வரை ஆட்களோடு நெருங்கக் கூடாது. கேட்டவர்களுக்கெல்லாம் மங்கையற்கரசி, அவர் உன்னிச்சையில் மகள் வீட்டில் நிற்கிறார் என்று சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நோயின் பெயர் வெளியே வந்தால் கஞ்சிப் பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து, சளியில் கிருமி இல்லை, வேலைக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னார். சைக்கிள் மறுபடியும் பழைய இடத்தில் நின்றது. "மகள்ட வீட்ட நல்ல சாப்பாடு போல" என்று நான்கூடச் சீண்டினேன். சிரித்தார்.

மூன்றாம் நாள் காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி முத்தலிப் வந்தார். இவரும் என்னைப் போலப் பழைய வாடிக்கை.

"அண்ணன், மிளகு கொஞ்சம் கூடப் போட்டு ஊத்துங்க. ஒரு மாசமா இந்தச் சளி விடுதில்ல."

அகப்பையைப் பானைக்குள் விட்ட நல்லரத்தினம் அதை வெளியே எடுக்கவில்லை.

"ஒரு மாசமா? பின்னேரத்தில காய்ச்சல் காயுதா?"

"ஓம். உடம்பும் மெலிஞ்சு போச்சி."

ஏழெட்டுப் பேர் கோப்பையோடு நின்றோம். அவர் எங்கள் முகங்களை ஒரு தடவை பார்த்தார். முத்தலிப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

"முதலாளி, இது கஞ்சிக்குக் கேக்கிற சளி இல்ல. எனக்கும் இப்பிடித்தான் வந்த. டீபி. நான் மகள்ட வீட்ட போகல்ல, குளிசை குடிச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள கிடந்தன். இப்ப என்னால ஒருத்தருக்கும் தொத்தாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். ஆனா மாரிக்க இருமிக்கிட்டுத்தான் உங்க எல்லாருக்கும் ஊத்தினன். நீங்க இண்டைக்கே போய்ச் சளியைக் காட்டுங்க. மத்தவங்களும் இருமல் கண்டா வெச்சிருக்காதீங்க."

கோப்பைகள் ஒவ்வொன்றாக வாளிக்குள் போயின. முதலில் போட்டது என்னுடையது. அதில் பாதிக் கஞ்சி மிச்சம் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அந்த இடத்தை நிற்காமல் கடந்தேன். சைக்கிள் நிற்கும். பக்கத்தில் அவர் மட்டும் நிற்பார், பானையின் மூடியைத் திறக்காமல். காலையில் கோபமாக வரும், அவர்மேல். பின்னேரம் திரும்பும்போது என்மேல் வரும்.

ஒரு மாதம் போயிருக்கும். சைக்கிளடியில் முத்தலிப் நிற்பதைக் கண்டேன். தாடைக்கு இறக்கிய மாஸ்க், கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கோப்பை. அவருக்கும் அதே நோய்தான் என்றும், நேரத்தோடு பிடிபட்டுக் குளிசை குடிப்பதால் இனித் தொற்றாது என்றும் காத்தான்குடியில் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை டொக்டராலும் சொல்ல முடியவில்லையாம். அந்த மனிதர் அங்கே நின்று கஞ்சி குடிக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என்னைக் கண்டதும் நல்லரத்தினம் அகப்பையை விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"தம்பி, உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தன். மத்த ஆக்கள் எல்லாரையும் வீடு வீடாப் போய்க் கேட்டிட்டன். உங்கட வீடும் தெரியா, பேரும் தெரியா. ஐஞ்சு வருசமாக் கேக்காம விட்டிட்டன் பாருங்க. உங்களுக்கு இருமல் ஒண்டும் இல்லையே?"

"இல்லை" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, வாளியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.