கூரையைக் காட்டிய விரல்

அந்த வருடம் உயர்தரப் பரீட்சைக்கு அரசறிவியல் எடுத்திருந்தேன். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறை அனெக்ஸில் என் பாடத்தைக் கேட்டே ஆகவேண்டியவர்கள் இருவர், அம்மாவும் அண்ணாவும். சாப்பாட்டுக் கோப்பையோடு அண்ணா உட்கார்ந்தால் போதும், தொடங்கிவிடுவேன். ஒற்றையாட்சி, சமஷ்டி, பாராளுமன்ற முறை, ஜனாதிபதி முறை. அதிலும் வலுவேறாக்கம் என்றால் எனக்குத் தனிப் பைத்தியம். சட்டம் ஆக்குபவர், அதை நடத்துபவர், தீர்ப்புச் சொல்பவர் என்று மூவரையும் பிரித்து, ஒருவர் எல்லை மீறினால் மற்றவர் தடுக்கலாம் என்று வைத்திருப்பது எவ்வளவு அழகான ஏற்பாடு.

"நீ பாடமாக்கி முடிக்கிறதுக்குள்ள இவங்கள் அரசியல் யாப்பை மாத்திப்போடுவாங்கள்," என்பார் அண்ணா. "நீ பழசைக் கொண்டுபோய்ச் சோதினையில எழுதப்போறாய்."

ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் பொலிஸார் அண்ணாவைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் அம்மாவும் நானும் பொலிஸுக்குப் போனோம். அம்மாவுக்குச் சிங்களம் வராது, நான்தான் கதைத்தேன். மேசையில் இருந்த சார்ஜன்ட் தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் நங்கி என்றே என்னைக் கூப்பிட்டார். பிடித்தவரை நீதவான் முன் நிறுத்தவேண்டும் அல்லவா என்று படித்ததையெல்லாம் சிங்களத்தில் அடுக்கினேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, "நமக்கொரு லோயர் நோனா வந்திருக்கிறா," என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"அவர் இங்கே இல்லை நங்கி. நேற்றே கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று எனக்கும் தெரியாது. உடின் ஓடர்."

உட என்றால் சிங்களத்தில் மேலே. மேலிடத்து உத்தரவு என்கிறார்.

"உட என்றால் யார்?" என்று விடாமல் கேட்டேன். அவர் விரலை நிமிர்த்திக் கூரையைக் காட்டினார்.

அவ்வளவு நேரம் நாங்கள் கதைத்ததில் அம்மாவுக்கு விளங்கியது அந்த விரல் மட்டும்தான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். முகத்தில் உயிர் வந்திருந்தது.

"மேல் மாடியிலயே வைச்சிருக்கினம்?"

"இல்லையம்மா. மேலிடத்து ஓடராம். அண்ணா இங்க இல்லை."

"எனக்குச் சிங்களந்தான் தெரியாது பிள்ளை. கண்ணும் தெரியாதே? கையை மேல காட்டினவன்."

"அது பெரிய ஆக்களைச் சொன்னது."

"ஆர் அந்தப் பெரிய ஆக்கள்?"

"தெரியாது."

"ஆர் எண்டே சொல்லத் தெரியாத உனக்கு, அவன் மேல இல்லை எண்டு மட்டும் எப்பிடித் தெரியும்?"



புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் ஒரு சட்டத்தரணியைக் கண்டேன். அவசரகாலச் சட்டத்தில் பிடித்திருந்தால் நீதவானால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது, பாதுகாப்பு அமைச்சில் கேளுங்கள் என்றார். அமைச்சின் வாசலில் இருந்தவர் இராணுவத்தைக் கேட்கச் சொன்னார். இராணுவ முகாம் வாசலில் பொலிஸைக் கேட்கச் சொன்னார்கள். எல்லாருக்கும் மேலே யாரோ இருந்தார்கள்.

அம்மா எங்கும் அலையவில்லை. மதியத்தில் சோற்றுப் பார்சலோடு பொலிஸுக்கு எதிரே, காசு கொடுத்து டெலிபோன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையின் தாழ்வாரத்தில் போய் நிற்பார். மேல் மாடி யன்னல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டிவரப் போகும் நானும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியாது.

ஒருநாள் அங்கே ஒரு கை வெளியே வந்து, நனைந்த துவாயொன்றை யன்னல் கம்பியில் விரித்துவிட்டு உள்ளே போனது.

"அவன்ர கை," என்றார் அம்மா. "நீட்டு விரல். பாத்தனியே?" பார்சலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கி அசைத்தார். "போய்க் கேள் பிள்ளை, மேல ஆர் இருக்கினம் எண்டு."

ரோட்டைக் கடந்து போய்க் கேட்டேன். அதே சார்ஜன்ட்தான் இருந்தார். மேலேயா, எங்கள் பொடியன்கள் படுக்கிற இடம், வேறொன்றுமில்லை என்றார். திரும்பி வந்தேன். அம்மா இன்னும் கையை இறக்கவில்லை.

"என்னவாம்?"

"பொலிஸ்காரர் படுக்கிற இடமாம், அம்மா. வேற ஒருத்தரும் இல்லையாம்."



"தங்கட ஆக்கள் படுக்கிற இடத்திலயே வைச்சிருக்கினம்? அப்ப பாயும் தலையணியும் குடுத்திருப்பினம்," என்றார் அம்மா. "சோத்தை ஆரிட்டக் குடுக்கிறது எண்டு கேட்டனியே?"