கேட்டில் ஆள் இல்லாத ஊர்

எழில்மதியைப் பற்றி எங்கள் தெரு வாய்க்கு வந்ததைப் பேசும். "சாராயக் கம்பெனியில வேலையாமே?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்கு வாயில் நன்றாக வந்துவிடும். நான் சரிதா, அடுத்த வீட்டுக்காரி. அவள் என்ன வேலை செய்தாள் என்று எனக்குத் தெரியாதா?

சென்னையில் ஒரு டிராவல்ஸ். இத்தாலிக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு எந்த ஊர், எந்த ஒயின் பண்ணை, எந்தச் சந்தை, எத்தனை மணிக்கு என்று வீட்டிலிருந்தே திட்டம் போட்டுக் கொடுப்பாள். நெய்வேலியை விட்டால் சேத்தியாத்தோப்பு வரை மட்டுமே போனவள், இத்தாலியின் ஆல்பா பக்கத்து மலையூர்களைப் பற்றிப் பேசினால் நேற்றுதான் அங்கிருந்து வந்தவள் போல இருக்கும். எந்தச் சரிவில் எந்தத் திராட்சை, நாயை விட்டு மோப்பம் பிடித்து எந்தக் காட்டில் மண்ணுக்கடியில் விளையும் காளானைத் தோண்டுவார்கள், எல்லாம் சொல்வாள். ஒயினை மட்டும் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அவள் அப்பா கண்ணையன் நிலக்கரி மைன்ஸில் இருபத்தாறு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் என்ற சொல்லைச் சாமி பேரைப் போலச் சொல்வார். எழிலுக்கு ஆறு மாதச் சோதனைக் காலம் செப்டம்பரில் ஒரு நாள் முடிந்தது. மறுநாள் பர்மனென்ட் ஆர்டர் வரவேண்டும். மனுஷன் அவசரப்பட்டு லட்டு டப்பாவே வாங்கி வைத்துவிட்டார்.

அந்தக் கடைசி நாள் சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தபோது நாலரைக்குப் போன் வந்தது. இத்தாலியில் அப்போது மதியம் ஒரு மணி. பேசியது அவள் திட்டப்படி கோயம்புத்தூரிலிருந்து போன பன்னிரண்டு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

"கண்ணு, பண்ணைக் கேட்டு பூட்டிக் கெடக்குது," என்றார் அவர்களில் ஒருவரான காந்திமதி அம்மா. "மணியடிச்சா ஒருத்தரும் வரலீங்க. இவருக்கு சுகர் எறங்குதாட்ட இருக்குது. கையெல்லாம் நடுங்குது."

"சீசன்ல எப்படிப் பூட்டுவாங்க? செகண்ட் ஷிஃப்ட் வந்திருக்கணுமே!" என்று கத்தினாள் எழில்.

அடிப் பாவி! பண்ணைக்காரர்கள் தேதியைத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு மணி என்று நேரம் குறித்தது இவள். மூன்று ஷிஃப்டும் கேட்டில் ஆள் நிற்கிற ஊரில் பிறந்தவளுக்கு, மதியம் இழுத்துப் பூட்டிக்கொண்டு சாப்பிட்டுத் தூங்குகிற ஊர் ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை.

பண்ணைக்கு அடித்தாள், எடுக்கவில்லை. அவர்களை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போன வேன் டிரைவருக்கு அடித்தாள், போன் அணைந்திருந்தது. அந்த ஊரின் ஒரே ஹோட்டலுக்கு அன்றுதான் வார விடுமுறை. "அந்த ஐயாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சட்டென்று கம்ப்யூட்டரில் அந்தத் தெருவின் படத்தைத் திறந்து, காந்திமதி அம்மாவை மறுபடி கூப்பிட்டாள்.

"அம்மா, எடது பக்கம் எறங்குங்க. சின்ன சர்ச் வரும். எதிர்ல பச்சைக் கதவு வூடு. தூங்கிகினு இருப்பாங்க. பலமாத் தட்டுங்க!"

தட்டினார்கள். ஒரு கிழவி எழுந்து வந்து, ரொட்டியும் பழ ஜாமும் கொடுத்தாளாம். அரை மணியில் அவர் தெளிந்துவிட்டார். அதற்குள் அவர் மகன் இங்கிருந்தே ஆபீசில் புகார் செய்துவிட்டான்.

ஐந்தரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். இனி வரவேண்டாம் என்றார். அடுத்த நிமிஷமே ஆபீஸ் கம்ப்யூட்டர் கணக்கும் அவளை வெளியே தள்ளிவிட்டது.

கண்ணையன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கான்ட்ராக்ட்லயே செத்துகினு இருக்கேன். எம் பொண்ணுக்குமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். லட்டு டப்பாவை யாரும் தொடவில்லை.

மறுநாள் பதினொன்றரைக்கு மறுபடி போன். காந்திமதி அம்மாதான். எழிலுக்கு வேலை போன விஷயம் அவருக்குத் தெரியாது.

"இன்னிக்கு எங்க போறதுங் கண்ணு? ஆபீசுல யாரும் கூப்பிடலீங்க."

"போனை வைடி! உன்னைத் தூக்கினவனுக்கு நீ எதுக்கு உழைக்கணும்?" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. திட்டமெல்லாம் எழுதி வைத்த நோட்டைத் திறந்தாள்.

"முதல்ல சந்தைக்குப் போங்கம்மா. அப்புறம் கோட்டை. பன்னெண்டரைக்கெல்லாம் சாப்பிட உக்காந்துடுங்க. அதுக்கு மேல எல்லாரும் கதவச் சாத்திகினு தூங்கிடுவாங்க."

"குரல் ஏன் கண்ணு இப்படி இருக்குது? சளி புடிச்சிருச்சா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்கம்மா," என்றாள். "சளிதான்."