எனக்கென்று தைத்த ரவிக்கை

விடுமுறை நாட்களில் வீட்டில் நான் சேலை கட்டுவது என் மனைவிக்குத் தெரியும். அவளுடைய ரவிக்கைதான் எனக்குத் தோளில் இறுக்கும். போன பொங்கலுக்கு முன்பு அவளே என்னைத் தருமபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் அழைத்துப் போனாள்.

"அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்று அக்கா அவளிடம் கேட்டார்.

"இல்லீங்க, எனக்குத்தான் தைக்கணும்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு, "கையத் தூக்குங்க. கழுத்து எறக்கமா வைக்கவா, ஏத்தமா வைக்கவா?" என்றார்.

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. மனைவி முந்திக்கொண்டு, "எறக்கமாவே வைங்க, அவுங்களுக்கு நல்லாருக்கும்" என்றாள்.

பொங்கலன்று அரக்கு நிறச் சேலையோடு அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, மாலைவரை கரும்பு கடித்தபடி அவளோடு டிவி பார்த்தேன்.