தாங்கியின் நிழல்

நான் புதுக்குடியிருப்பில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பக்கத்து வளவு அக்கா தன் கச்சான் கடலைத் தோட்டத்துப் பம்புக்கு சோலர் தகடு பூட்டியபோது, பூட்ட வந்தவர் தகட்டை வெட்டவெளியில் வைக்கச் சொன்னார். கள்ளருக்குப் பயந்த அக்கா என்னைக் கேட்டார். வீட்டோரம், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றேன்.

"பின்னேரத்தில தாங்கியின்ர நிழல் விழும், சேர்" என்றார் பூட்ட வந்தவர்.

"ஒரு மூலையிலதானே. கரண்டும் கொஞ்சந்தான் குறையும்."

அக்கா என் சொல்லைத்தான் கேட்டார்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பம்ப் நின்றது. அக்கா பூட்டினவரைச் சந்தியில் கண்டு, பத்துப் பேருக்கு முன்னால் ஏமாற்றுக்காரன் என்று ஏசினார். நானும் அங்கே நின்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

வெளிச்சம் பட்டால்தான் சிலிக்கனில் இலத்திரன்கள் விடுபட்டு ஓடும். தகட்டிலுள்ள கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதால், நிழல் விழுந்த கலம் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் மறித்துவிடும். வருடக்கணக்காக நான் கரும்பலகையில் எழுதும் பாடம் இது.

மறுநாள் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அந்த மனுசனை ஏன் ஏச விட்டனீங்கள்?" என்று கேட்டார்.

பூட்டினவரே வந்து தகட்டை வெட்டவெளிக்கு மாற்றினார். அன்று பின்னேரமும் தண்ணீர் பாய்ந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை, சேர்" என்றார், கடைசித் திருகாணியை முறுக்கியபடி.

அதைக் கேட்க அக்கா மட்டுந்தான் அங்கே நின்றார். சந்தியில் நின்ற பத்துப் பேரிடமும் நான் இன்னும் போகவில்லை.