கால்வாய்க்கரை வீடும் அவருடைய சம்பளமும்

இளமஞ்சள் நிறத்தில் எட்டுப் பக்கம் இருந்தது அந்த வீட்டுக்கடன் விண்ணப்பம். அதன் மூன்றாம் பக்கத்தில், 'மாதந்தோறும் செலுத்த வேண்டியவை' என்ற கட்டத்துக்குள் என் கணவர் மணிமணியான கையெழுத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: தசமபாகம், இரண்டாயிரத்து நானூறு. வங்கி அதிகாரியின் பேனா அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பலர் கொடுப்பார்கள், சிலர் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள். இவர் சம்பளம் வாங்கிய அன்றே அதை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்துவிடுவார். மீதி இருப்பதுதான் அவரைப் பொறுத்தவரை சம்பளம்.

அந்த வீட்டில் நாங்கள் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தோம். பாளையங்கோட்டையில், கால்வாயைப் பார்த்த வீடு. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் இரண்டு நாளில் எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே சத்தம் கேட்கும். வீட்டுக்கார அம்மாவுக்குச் சுவரில் ஆணி அடித்தால் ஆகாது. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அந்த அம்மா மகனோடு வெளிநாடு போக முடிவானபோது, உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன் என்றார். விலை பதினைந்து லட்சம், இரண்டு மாதம் பொறுப்பேன் என்றார். நான் இவரை ஒரு வார்த்தை கேட்காமல் மனதுக்குள் குடியேறிவிட்டேன். எந்தச் சுவரில் எத்தனை ஆணி என்பதுவரை முடிவு செய்தாயிற்று.

என் நகையும் சேமிப்பும் சேர்ந்து மூன்று லட்சம் வந்தது. பாக்கிக்குக் கடன். இவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கைக்கு வரும் சம்பளம் இருபத்துநாலாயிரம். நான் இன்னொரு பள்ளியில் டீச்சர். என் சம்பளம் ரொக்கமாகக் கையில் வரும், அதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது, ஆகவே வங்கியின் கணக்கில் நான் சம்பாதிக்காதவள். தவணையும் மற்றவையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் சட்டம். பாதி என்றால் பன்னிரண்டாயிரம். வீட்டுத் தவணை பதினொன்றரை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வீடு எங்களுக்கு. இருந்தால் இல்லை.

அதிகாரி நல்ல மனிதர். "அத அடிச்சிருங்க சார். ஒங்ககிட்ட யாரு கேக்கப் போறா?" என்றார்.

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அதனாலதான் எழுதி வைக்கேன்" என்றார் இவர்.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று நாள் பேசவில்லை. சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன், வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் எங்கள் கோயில் ஐயரிடமே போய் முறையிட்டேன். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, குடும்பத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்பதும் ஆண்டவருக்குத் தெரியும், சில வருடம் முடிந்ததைக் கொடுங்கள் போதும் என்று பையச் சொல்லிவிட்டுப் போனார். இவர் ஐயரைத் தெருமுனைவரை கொண்டுவிட்டு வந்தார். மறுநாள் புதிய விண்ணப்பம் வாங்கிவந்து நிரப்பினார். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். பத்து நாளில் கடன் அனுமதியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று தகவல் வந்தது.

இடையில் முதல் தேதி வந்தது. விண்ணப்பத்தில் கோடு இழுத்துவிட்டு வீட்டில் கவர் வைத்தால் அவருக்கு அது பொய்; அந்த மாதம் கவர் இல்லை. எங்கள் கோயிலில் இவருக்கு வலப்பக்கம் மூன்றாவது பெஞ்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். காணிக்கைப் பை வரும்போது பத்து ரூபாயை மடித்துப் போட்டுவிட்டு, பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விட்டார். தினமும் குளிக்கும்போது தாளம் தப்பக் கீர்த்தனை பாடுகிற மனிதர் அந்த வாரம் பாடவில்லை. வாளியின் சத்தம் மட்டும் கேட்டது. என்னிடம் ஒரு குறை சொல்லவில்லை. ஆணி வாங்கி வந்து, "எங்கன அடிக்கணும்னு சொல்லுளா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நான் தனியாக வங்கிக்குப் போனேன். கடன் வேண்டாம் என்றேன். அதிகாரி எங்கள் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். சாரிடம் நான் என்ன சொல்ல என்று கேட்டார்.

"வருமானம் பத்தலன்னு சொல்லிருங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை இவர் வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "பத்தலையாம்ளா" என்றார். வீடு வேறு ஒருவருக்குப் போனது. நாங்கள் இரண்டு தெரு தள்ளிக் குடிபோனோம். அடுத்த மாதம் கவர் திரும்ப வந்தது, கூடவே முந்தின மாதப் பாக்கியும். பாட்டும் வந்தது. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பாட்டு திரும்பி வந்தால் எல்லாம் திரும்பி வந்ததாக அர்த்தம் என்று எனக்கு எண்ணம்.

அப்படி இல்லை. ஒவ்வொரு சம்பள உயர்வுக்கும், இது அன்றைக்கே கிடைத்திருந்தால் அந்த வீடு அமைந்திருக்குமே என்பார். அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவார். தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில், சத்தம் கேட்கவே வழியில்லாத எங்கள் வீட்டில், சமையலறையில் வந்து கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார். கடைசியில் ஆஸ்பத்திரியில், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, உனக்கு ஒரு வீடு வாங்கித்தர என் சம்பளம் பத்தாமல் போய்விட்டது என்று சொல்லி என் கையைப் பிடித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் திருப்பியதை நான் பார்த்தேன் என்பதும் தெரிந்துவிடும். அது அவருக்கு இதைவிடப் பெரிய அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்பூனை எடுத்து அடுத்த வாய் கொடுத்தேன்.

அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. மகன் கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். போன வாரம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குத் தன் சம்பளம் போதுமா என்று செல்போனில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எட்டுப் பக்கமெல்லாம் கிடையாது. சம்பளத்தைப் போட்டால் அந்த நிமிடமே பதில் சொல்லிவிடுகிறது. தன் கணக்கு முடிந்ததும் அவனுக்கு என்ன தோன்றியதோ, சின்ன வயதிலிருந்து அப்பா வாயால் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த அந்தப் பழைய சம்பளத்தையும் பழைய வீட்டு விலையையும் போட்டுப் பார்த்தான். அழித்துவிட்டு இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான்.

"எம்மா, அப்பா சம்பளத்துக்கு அந்த வீடு கெடச்சிருக்கணுமே."

"கெடச்சுதுலே" என்றேன். "நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அவரிடம் இதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் இருந்தது.